சீட் நம்பரை விடுங்க, வாயைத் திறக்காதவங்க எத்தனை பேருன்னு கேளுங்க: 2024 எலெக்‌ஷன் வருஷத்துக் குறிப்புகள்

மார்ச் 17, 2024

ஒரு வாசகர் கேட்டது: "நேத்து தேர்தல் தேதி அறிவிச்சுட்டாங்க. டிவியைப் போட்டா ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு ஒருத்தர் 335 சீட்டுங்கிறார், இன்னொருத்தர் 370ங்கிறார், கட்சிக்காரங்க 400ங்கிறாங்க. எங்க தெருவுக்கு இதுவரைக்கும் ஒரு ஆள் வந்து கேட்டதில்ல. இந்தக் கருத்துக்கணிப்பெல்லாம் நிஜமா, இல்ல ஏசி ரூம்ல உக்காந்து எழுதுறதா? ஜூன் 4 ஓட்டு எண்ற வரைக்கும் எதைப் பார்த்து மக்கள் மனசைத் தெரிஞ்சுக்கிறது?"

தெருவுக்கு வராததை வச்சு பொய்னு சொல்ல முடியாது. நாட்டுல வாக்காளர் கிட்டத்தட்ட 97 கோடி, நல்ல சர்வே ஒண்ணு 10,000 பேர்கிட்ட கேட்டா ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு ஒருத்தர். உங்க ஊருக்கே வராம போக வாய்ப்பு அதிகம். அது பிரச்சனையே இல்ல. வந்தவங்க யார் வீட்டுக் கதவைத் தட்டினாங்க, எந்த நேரத்துல தட்டினாங்க, கதவைத் திறந்தவங்க மனசுல இருந்ததைச் சொன்னாங்களாங்கிறதுதான் பிரச்சனை.

நான் காலேஜ் முடிச்ச புதுசுல ஒரு சர்வே கம்பெனிக்கு விருதுநகர் மாவட்டத்துல ஃபீல்டு வேலை பார்த்திருக்கேன், கம்பெனி பேரு வேண்டாம். அதனால இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு, நிறைய அக்கறையும் உண்டு. ஜூன் வரைக்கும் இங்கேயே அப்பப்ப எழுதுறேன்.

மார்ச் 18

335 எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டிருக்காங்க. பிப்ரவரியில இந்தியா டுடே பத்திரிகையும் சி-வோட்டர்ங்கிற சர்வே கம்பெனியும் சேர்ந்து வெளியிட்ட ‘மூட் ஆஃப் தி நேஷன்’ சர்வேயில பாஜக தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு (தேஜகூ) கொடுத்த சீட்டு அது. 370ங்கிறது பாஜக தனக்குத்தானே வச்ச இலக்கு, 400ங்கிறது கூட்டணிக்கான கோஷம். மூணையும் ஒரே ஸ்கிரீன்ல ஒரே எழுத்துல போட்டுட்டா பாக்குறவங்களுக்கு மூணும் கணிப்பு மாதிரிதான் தெரியும். முதல்ல இதைப் பிரிச்சுப் பார்க்கப் பழகுங்க.

மார்ச் 24

ஃபீல்டு வேலை எப்படி நடக்கும்னு விரிவா எழுதச் சொன்னீங்க.

ஒழுங்கான முறை என்னன்னா, எந்த பூத்துன்னு மேலேயே குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்துருவாங்க, அந்த பூத்தோட வாக்காளர் பட்டியலை எடுத்து குறிப்பிட்ட இடைவெளி விட்டு பேர் குறிச்சுக் கொடுப்பாங்க, நாம அந்தப் பேருக்கு உரிய ஆளைத்தான் பார்க்கணும், அவர் இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிச்சுக் கேட்டுட்டு வரக் கூடாது. டெல்லியில இருக்கிற சிஎஸ்டிஎஸ் நிறுவனத்தோட லோக்நிதி ஆளுங்க பல வருஷமா இப்படித்தான் பண்றாங்க. யாருக்கு ஓட்டுங்கிற கேள்வியை வாயால கேக்க மாட்டாங்க. சின்னம் அச்சடிச்ச ஒரு தாளைக் கொடுப்பாங்க, அவங்களே முத்திரை மாதிரி குறிச்சு மடிச்சு ஒரு பெட்டியில போட்டுறணும்.

இந்தப் பெட்டி எவ்வளவு முக்கியம்னு சிவகாசிப் பக்கம் ஒரு கிராமத்துல பார்த்தேன். திண்ணையில ஒரு அம்மா, பக்கத்துல அவங்க வீட்டுக்காரர். நான் கேள்வியை ஆரம்பிக்கிறதுக்குள்ள அவர், "எங்க வீட்டு ஓட்டு எல்லாம் ரெட்டை எலைதான் தம்பி, எழுதிக்கோ"ன்னுட்டார். அந்தம்மா தலையை ஆட்டினாங்க. தாளைக் கையில கொடுத்ததும் திரும்பி உக்காந்தாங்க, முந்தானையால மறைச்சுக் குறிச்சாங்க, அவர் எட்டிப் பார்க்கப் பார்க்க நாலா மடிச்சு உள்ள போட்டாங்க. போட்டுட்டு என்னைப் பார்த்து, "இதை அவுகளுக்குக் காட்டிற மாட்டியே?"ன்னு கேட்டாங்க. வாயால கேட்டிருந்தா அந்த வீட்ல ஒரு பதில்தான் கிடைச்சிருக்கும்.

இப்ப நிறைய சர்வே போன்லயே நடக்குது, ‘இந்தக் கட்சிக்கு 1ஐ அழுத்தவும்’னு. வீட்ல ஒரே போன், அது யார் பாக்கெட்ல இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

மார்ச் 25

நேத்து எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. எங்க பக்கம் பகல்ல போனா வீட்ல ஆளே இருக்காது. பயராபீஸ் (பட்டாசுத் தொழிற்சாலை), தீப்பெட்டி ஆபீஸ் வேன் காலையில வந்து அள்ளிட்டுப் போயிரும், ஆம்பள பொம்பள எல்லாம் சாயங்காலம்தான் வருவாங்க. பகல்ல கெடைக்கிறது வயசானவங்க, கடை வச்சிருக்கவங்க, நிலம் இருக்கவங்க. எங்க சூப்பர்வைசர் அஞ்சு மணிக்குள்ள கோட்டாவை முடிக்கச் சொல்லுவார். முடிக்க முடியலன்னா பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நிக்கிறவங்களை வச்சு முடிச்சுருங்கம்பார், சில பேர் அந்த டீக்கடைக்குக்கூடப் போகாம தாங்களே டிக் அடிச்சாங்க. அந்த ஃபார்மும் டெல்லிக்குப் போச்சு, அதுவும் ஒரு சதவீதமா டிவியில வந்துச்சு. இன்னிக்கு நெனச்சாலும் வயிறு எரியுது. ஒருத்தரோட கருத்தைக் கேக்காம கேட்ட மாதிரி எழுதுறது அவங்க ஓட்டைத் திருடுறதுக்குச் சமம்னுதான் நான் நெனைக்கிறேன்.

ஏப்ரல் 3

"சரி, மக்கள் என்னதான் பேசிக்கிறாங்க?"ன்னு கேட்டவருக்கு, விருதுநகர் தொகுதியில நான் கேட்டதைச் சொல்றேன். இதுல சதவீதம் எதுவும் இல்ல.

போட்டி நாலு பேருக்குள்ள. காங்கிரஸ் மாணிக்கம் தாகூர், அதிமுக கூட்டணியில தேமுதிக விஜய பிரபாகரன், பாஜகவுல ராதிகா, அப்புறம் நாம் தமிழர். டிசம்பர் 28 விஜயகாந்த் இறந்ததுல இருந்து பொம்பளைங்க மத்தியில ஒரு பாசம் ஓடுது, "கேப்டன் புள்ள, பாவம்ப்பா"ன்னு சொல்றவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. பாசம் ஓட்டா மாறுமான்னு கேட்டா சிரிக்கிறாங்க, பதில் வரல.

டெல்லி விஷயம்னு வந்தா கேஸ் விலை, நூறு நாள் வேலை. இந்த ஏப்ரல்ல இருந்து தமிழ்நாட்டுக்குக் கூலி 294ல இருந்து 319 ஆயிருக்கு. ஒரு அக்கா, "கூட்டுறது இருக்கட்டும், செஞ்ச வேலைக்குப் போட வேண்டியதை எப்ப போடுவாக?"ன்னாங்க. பட்டாசுக்காரங்க வெடியில சேர்க்கிற பேரியம்ங்கிற ரசாயனத்துக்கு உள்ள தடையைப் பத்திப் பேசுறாங்க, சரவெடி கட்ட முடியாததைப் பேசுறாங்க. தீப்பெட்டிக்காரங்க சீனா லைட்டரைப் பேசுறாங்க, போன வருஷம் ஜூன்ல 20 ரூபாய்க்குக் கீழ உள்ள லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை பண்ணியும் கடையில தொங்குதேங்கிறாங்க. பிப்ரவரியில வெம்பக்கோட்டைப் பக்கம் வெடிவிபத்துல 10 பேர் போயிட்டாங்க, அந்த ஊர்கள்ல எலெக்‌ஷனைப் பத்திக் கேக்கவே எனக்கு மனசு வரல.

இதுல ஒண்ணாவது தேசிய சர்வே கேள்வித்தாள்ல இருக்கா? ‘உங்களுக்குப் பிடித்த பிரதமர் வேட்பாளர் யார்’ இருக்கும். அதுக்கு எங்க ஊர்ல ஒரு பேரு சொல்லுவாங்க, ஓட்டு வேற பக்கம் போகும்.

ஏப்ரல் 13

லோக்நிதியோட தேர்தலுக்கு முந்தின சர்வே வந்திருக்கு, 19 மாநிலம், 10,000 பேர் சொச்சம். எல்லா டிவியும் எடுத்துப் போட்டது தேஜகூ 12 புள்ளி முன்னால இருக்குங்கிறதை. தயவுசெஞ்சு அதோட நிக்காதீங்க. எந்தப் பிரச்சனை உங்களுக்குப் பெருசுன்னு கேட்டதுக்கு 27% வேலையில்லாத் திண்டாட்டம்னாங்க, 23% விலைவாசின்னாங்க, ராமர் கோயில்னு சொன்னவங்க 8%. வேலை கெடைக்கிறது முன்ன விட கஷ்டமாயிருச்சான்னு கேட்டதுக்கு 62% ஆமாங்கிறாங்க.

ஆளுங்கட்சிக்குத்தான் ஓட்டுன்னு சொல்ற வீட்லயே புள்ளைக்கு வேலை இல்லன்னும் சொல்றாங்க. இந்த ரெண்டும் ஒரே ஆளோட வாயில இருந்து வருது. அப்ப அந்த ஆதரவு கெட்டியா இல்ல, பூத்துக்குப் போற வழியில மாறலாம், போகாமலே வீட்ல உக்காந்துறலாம். எனக்கு 12 புள்ளியை விட இந்த 62தான் பெருசாத் தெரியுது. 335க்கும் 400க்கும் நடுவுல சண்டை போட்டுக்கிட்டு இருக்கவங்க இதை ஒரு நிமிஷம் பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஏப்ரல் 16

வாட்ஸ்அப்ல சுத்துற ‘உளவுத்துறை ரிப்போர்ட்’ படத்தை எனக்கு அனுப்பாதீங்க. யார் எடுத்தாங்க, எத்தனை பேர், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும், நேர்லயா போன்லயா. இந்த நாலும் இல்லாத எதையும் நான் படிக்கிறதில்ல.

நாளைக்கு சாயங்காலம் பிரச்சாரம் ஓயுது.

ஏப்ரல் 20

ஓட்டுப் போட்டாச்சு. நேத்து ராத்திரி ஏழு மணிக்கு தமிழ்நாட்டுல 72.09%னு தலைமைத் தேர்தல் அதிகாரி சொன்னார், நடுராத்திரிக்கு மேல அது 69.46% ஆயிருச்சு. அதுக்குள்ள 72ஐ வச்சு ‘அலை’ன்னு விவாதமே நடத்தி முடிச்சுட்டாங்க.

ஓட்டுப்பதிவு கூடினா ஆளுங்கட்சிக்கு எதிர்ப்பு, குறைஞ்சா ஆதரவுங்கிறதும் எங்க தாத்தா காலத்துல இருந்து வர்ற பேச்சு, அதுக்கு ரெண்டு பக்கமும் உதாரணம் காட்ட முடியும். தர்மபுரியில 81% தாண்டிருச்சு, மத்திய சென்னையில 54%கூட முழுசா வரல. எந்தத் தெருக்காரங்க வந்தாங்க எந்தத் தெருக்காரங்க வரலன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு ஏதாவது அர்த்தம் உண்டு.

மே 1

முதல் கட்டத்தோட முழுக் கணக்கு நேத்துதான் வந்துச்சு, 66.14%. ஓட்டுப் போட்டு 11 நாள் கழிச்சு. அதுவும் சதவீதம் மட்டும்தான், எத்தனை பேர் போட்டாங்கங்கிற எண்ணிக்கையைக் காணோம். பூத்துல ஏஜெண்டுக்குக் கொடுக்கிற ‘17சி’ படிவத்துல எண்ணிக்கை அன்னிக்கே இருக்கு, அதைக் கூட்டிச் சொல்றதுக்கு என்ன தடைன்னு கேக்குறது நியாயமான கேள்வி. நாட்டோட மனசை அளக்கிறதுல முதல் அளவுகோல் இதுதான், அதுலயே சந்தேகம் வர விடலாமா?

மே 23

"நாம ஓட்டுப் போட்டு ஒரு மாசம் ஆச்சு, ஓட்டுப் போட்டுட்டு வர்றவங்ககிட்ட கேட்டு எடுக்கிற எக்ஸிட் போலை ஏன் வெளியிட மாட்டேங்கிறாங்க?" மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ. ஏப்ரல் 19 காலையில இருந்து ஜூன் 1 சாயங்காலம் ஆறரை மணி வரைக்கும் தடை. ஏழாவது கட்டத்துல ஓட்டுப் போடுறவர் முதல் கட்டத்தோட கணிப்பைப் பார்த்துட்டுப் போகக் கூடாது, அது சரியான சட்டம்தான். 2017ல தேர்தல் ஆணையம் ஜோசியர், டாரட் கார்டுக்காரங்க சொல்றதும் இதுல அடங்கும்னே சொல்லிருச்சு. எங்க ஊர் ஜோசியர்கிட்ட இதைச் சொன்னேன், "நான் ஜாதகத்துக்குத்தான் தம்பி சொல்றேன், கட்சிக்கு ஜாதகமே கெடையாது"ன்னார். அவர்கிட்ட இருக்கிற கட்டுப்பாடு நிறைய டிவிக்காரங்ககிட்ட இல்ல.

ஆனா தனி ஆளுங்க கணிப்பு வந்துகிட்டுதான் இருக்கு. தேர்தல் வியூகம் வகுக்கிற பிரசாந்த் கிஷோர் பாஜகவுக்கு 300 பக்கம்ங்கிறார். யோகேந்திர யாதவ் ஊர் ஊராப் போய்ப் பேசிட்டு வந்து பாஜகவுக்கு 240ல இருந்து 260 தான்ங்கிறார். ரெண்டையும் குறிச்சு வைங்க. யாதவ் அரசியல்ல ஒரு பக்கம் நிக்கிறவர்னு தள்ளிவிடுறாங்க, நிக்கிறார்தான், ஆனா அவர் பல வருஷம் சர்வேயிலேயே ஊறின ஆளு, எந்த ஊர்ல யார்கிட்ட பேசினேன்னு சொல்றார்.

ஜூன் 1, ராத்திரி

எக்ஸிட் போல் வந்தாச்சு. தேஜகூவுக்கு எத்தனை சீட்டுன்னா, ஆக்சிஸ் மை இந்தியா 361–401. டுடேஸ் சாணக்யா 400. சி-வோட்டர் 353–383. தைனிக் பாஸ்கர் மட்டும் கீழ் எல்லையை 281க்கு இறக்கியிருக்கு.

எல்லாரும் ஒரே பக்கம் சொல்றதால அது உறுதின்னு ஆயிராது. எல்லாரும் அதே மாதிரி கதவைத் தட்டி அதே மாதிரி பதில் வாங்கியிருந்தாலும் ஒரே பக்கம்தான் வரும். 2004ல ‘இந்தியா ஒளிர்கிறது’ பிரச்சார சமயத்துலயும் பெரும்பாலான கணிப்பு வாஜ்பாய் திரும்ப வர்றார்னுதான் சொல்லுச்சு, எண்ணி முடிச்சப்ப காங்கிரஸ் 145, பாஜக 138.

இன்னொரு விஷயம், லட்சக்கணக்குல சாம்பிள்ங்கிறதைப் பெருமையாச் சொல்றாங்க. பகல்ல ஆளில்லாத ஊர்ல பத்து பேரைக் கேட்டாலும் பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் வேன்ல போனவங்க கருத்து அதுல வராது.

ஜூன் 3

எக்ஸிட் போலைப் பார்த்துட்டு பங்குச்சந்தை சென்செக்ஸ் ஒரே நாள்ல 2,500 புள்ளி ஏறியிருக்கு. என் மச்சான் இன்னிக்கு ஷேர் வாங்கிப் போட்டிருக்கார், நாளைக்கு மத்தியானம் வரைக்கும் காத்திருங்கன்னேன், கேக்கல.

ஜூன் 4, மத்தியானம்

விருதுநகர்ல ஒரு ரவுண்டு விஜய பிரபாகரன் முன்னால, அடுத்த ரவுண்டு மாணிக்கம் தாகூர், திரும்பவும் விஜய பிரபாகரன். எங்க டீக்கடையில டிவியை விட்டு ஒருத்தரும் நகரல. டெல்லி நம்பர் 300க்குக் கீழ இறங்கினப்ப யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல.

ஜூன் 4, ராத்திரி

பாஜக 240. தேஜகூ 293. இந்தியா கூட்டணி 234. காங்கிரஸ் 99. தமிழ்நாடு 39க்கு 39 திமுக கூட்டணி. சென்செக்ஸ் 4,390 புள்ளி கிட்ட விழுந்துருச்சு. மச்சான்கிட்ட இன்னிக்கு நான் ஒண்ணும் கேக்கல.

விருதுநகர்ல மாணிக்கம் தாகூர் ஜெயிச்சுட்டார், வித்தியாசம் 4,379 ஓட்டு. 3,85,256க்கு 3,80,877.

ஜூன் 7

இந்த 4,379ஐ விட மனசு வரல, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பதிவான ஓட்டுல இது 0.4% பக்கம் வருது. ஒரு தொகுதியில 1,000 பேரைக் கேட்டா ரெண்டு பக்கமும் 3 புள்ளி தவறலாம்னு கணக்கே சொல்லுது. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை உறுதியாப் பிடிக்கணும்னா ஒன்றரை லட்சம் பேருக்கு மேல கேக்கணும், அதுவும் எல்லாரும் உண்மையைச் சொன்னாத்தான். அப்ப விருதுநகர்ல யார் ஜெயிப்பாங்கன்னு ஏப்ரல்ல உறுதியாச் சொன்ன எந்த சர்வேயும் அறிஞ்சு சொல்லல. நியாயமான பதில் ‘சொல்ல முடியாது’ மட்டும்தான், ஆனா அதை டிவியில போட்டா விளம்பரம் வராதே.

ஓட்டு சீட்டா மாறுற இடத்துலதான் பெரிய குழி இருக்கு. நாடு முழுக்க பாஜக ஓட்டு 2019ல 37.4%, இப்ப 36.6%. ஒரு புள்ளிகூட முழுசாக் குறையல, சீட்டு 303ல இருந்து 240. ஏன்னா குறைஞ்சது எல்லா இடத்துலயும் சமமாக் குறையல. உத்தரப் பிரதேசத்துல மட்டும் 50% பக்கம் இருந்தது 41%க்கு வந்துருச்சு, 62 சீட்டு 33 ஆச்சு, அயோத்தி இருக்கிற பைசாபாத்தே சமாஜ்வாடிக்குப் போச்சு. வேற இடங்கள்ல கூடின ஓட்டு ஜெயிக்கிற அளவுக்குக் கூடல. நம்ம ஊர்லயே பாருங்க, பாஜக 11% வாங்கி பூஜ்யம், அதிமுக 20% தாண்டியும் பூஜ்யம். அதே அதிமுக 2014ல 44% வாங்கி 37 சீட்டு, அன்னிக்கு திமுக 23% தாண்டி பூஜ்யம். எதிர்த்தரப்பு சேர்ந்திருக்கா பிரிஞ்சிருக்கான்னு பார்க்காம ஓட்டு சதவீதத்தை மட்டும் வச்சு சீட்டு சொல்றவங்களை நம்பாதீங்க.

உத்தரப் பிரதேசத்துல ஜனங்க பயந்து ஆளுங்கட்சி பேரைச் சொல்லிட்டாங்க, பூத்துல மாத்திப் போட்டாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். நிறைய பேர் அப்படித்தான் விளக்குறாங்க. புல்டோசர் ஓடுற ஊர்ல கையில டேப்லெட் வச்சுக்கிட்டு பேரு, போன் நம்பர் கேக்குறவர்கிட்ட யாரு மனசைத் திறப்பாங்க? எனக்கும் அது சரின்னுதான் படுது. அந்த சிவகாசி அம்மா புருஷன்கிட்ட மறைச்சாங்க, இங்க ஊரே அரசாங்கத்துகிட்ட மறைச்சிருக்கு.

அப்புறம் வேலை கெடைக்கிறது கஷ்டம்னு சொன்ன அந்த 62%. ஏப்ரல்லயே எல்லாரும் பார்க்கிற மாதிரி கிடந்துச்சு.

ஜூன் 9

ஆக்சிஸ் மை இந்தியா தலைவர் பிரதீப் குப்தா டிவியில அழுததைக் கிண்டல் பண்ணி வர்ற படங்களை இங்க போட வேண்டாம். கணிப்பு தப்பினதுக்கு அவர் எல்லார் முன்னாலயும் உக்காந்திருந்தார். ராவோட ராவா நம்பரை மாத்திச் சொல்லிட்டு நழுவினவங்க எத்தனை பேர்.

அக்டோபர் 9

ஹரியானா சட்டமன்றத் தேர்தல். எக்ஸிட் போல் மொத்தமும் காங்கிரஸ்னு சொல்லுச்சு, நேத்து எண்ணினா 90ல பாஜக 48, காங்கிரஸ் 37. ஓட்டு வித்தியாசம் ஒரு புள்ளிக்கும் கீழ.

ஜூன் 7ல பயத்தைப் பத்தி எழுதினதை இப்ப விரிச்சுப் பார்க்கணும்னு தோணுது. அங்க ஆட்சியில இருந்தது பாஜக. பயந்து ஆளுங்கட்சி பேரைச் சொல்லியிருந்தா கணிப்பு பாஜக பக்கம் சாஞ்சிருக்கணும், ஆனா காங்கிரஸ் பக்கம் சாஞ்சிருக்கு. ஹரியானா கிராமத்துல சத்தமாப் பேசுறது ஜாட் ஆளுங்க, அவங்க காங்கிரஸ்னு பேசினாங்க, மத்த சாதிக்காரங்க அவங்க முன்னால வாயைத் திறக்காம வேற பக்கம் போட்டாங்கன்னு அங்க ஃபீல்டுல சுத்தினவங்க எழுதுறாங்க. அப்ப அரசாங்கத்து மேல உள்ள பயம் மட்டும் காரணம் இல்ல. அந்தத் தெருவுல யார் குரல் ஓங்கியிருக்கோ அவங்களுக்கு முன்னால மத்தவங்க அடக்கி வாசிக்கிறாங்க. திண்ணையில புருஷன், ஊர்ல பெரிய சாதி, மாநிலத்துல அரசாங்கம். சர்வேக்காரர் காதுல விழுறது ஓங்கின குரல்தான்.

அதனால மௌனமா இருக்கவங்க எல்லாம் எதிர்க்கட்சிதான்னு கணக்குப் போடுறவங்களும் நிறுத்திக்கணும். அவங்க எந்தப் பக்கம்னு ஊரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அக்டோபர் 16

மகாராஷ்டிரா சட்டமன்றத் தேர்தல் நவம்பர் 20ன்னு நேத்து அறிவிச்சுட்டாங்க. யாருக்கு எத்தனைன்னு என்கிட்ட கேக்காதீங்க, என்கிட்ட நம்பர் இல்ல.

இதைப் படிக்கிறவங்கள்ல மும்பையில தாராவி, மாட்டுங்கா பக்கம் இருக்கிற நம்மாளுங்க உண்டு, ஃபீல்டு வேலைக்குப் போற பசங்களும் இருப்பாங்க. அவங்ககிட்ட கேக்குறது இதுதான். கதவைத் திறந்துட்டு ‘சொல்ல விரும்பல’ன்னவங்க, வீட்டுக்காரர் பதில் சொல்லி தான் சும்மா நின்னவங்க, ரெண்டு தடவை போயும் கெடைக்காதவங்க, இவங்களைத் தெருவாரியாத் தனியா எழுதி வைங்க. பேரு வேண்டாம், முகவரி வேண்டாம், தெருவும் எண்ணிக்கையும் போதும். கம்பெனி அந்தக் கட்டத்தை ‘கருத்து இல்லை’ன்னு போட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிரும். நவம்பர் 23ஆம் தேதி எண்ணி முடிச்சதும் அந்தத் தாளை பூத்வாரி ஓட்டு வர்றப்ப பக்கத்துல வச்சுப் பார்க்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலயும் ஒரு சுத்து போங்க, ஷிப்ட் முடிச்சு வர்றவங்க அப்பத்தான் வீட்ல இருப்பாங்க.